மகளுக்கு மேல்வரிசைல ஒரு பல்லு மட்டும் சின்னதா கூரா இருக்கு, பிடுங்கணுமாம். உண்மையா?

தாமிரபரணி_அம்மா
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 10 வயசு. மேல முன்பல்லு ரெண்டும் நல்லா பெருசா முளைச்சிருக்கு, அதுக்கு இடது பக்கம் இருக்கிற பல்லு மட்டும் நெல்லு மணி மாதிரி சின்னதா கூரா நிக்குது, ரெண்டு பக்கமும் இடைவெளி. வலது பக்கம் அதே இடத்துல பால் பல்லு இன்னும் விழவே இல்ல, ஆடவும் இல்ல. வலி கிடையாது, சொத்தை கிடையாது, சாப்பிட பிரச்சினை எதுவும் இல்ல. ஊர்ல ஒரு கிளினிக்ல காட்டினோம், இந்தப் பல்லு வளராது, பிடுங்கிட்டு பெரியவளானதும் செயற்கைப் பல்லு வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னொரு இடத்துல வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்ரலாம்னாங்க. ரெண்டையும் கேட்டதுல இருந்து வீட்ல ஒரே குழப்பம், புள்ள வேற போட்டோ எடுக்கும்போது வாயை மூடிக்கிடுதா. யாராச்சும் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை
என் நாத்தனார் மகளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கால்சியம் மாத்திரை, முருங்கைக்கீரை, கேழ்வரகுன்னு நல்லா குடுத்துப் பாருங்க, வளர்ற வயசுதானே, பல்லும் சேர்ந்து வளந்துரும். பொண்ணுப் புள்ளைக்கு அவசரப்பட்டு பல்லைப் பிடுங்கிறாதீங்க.

கொங்குக்காரன்
பிடுங்கவே பிடுங்காதீங்க அக்கா. எங்க தங்கச்சிக்கு இதே பல்லு, 16 வயசுல ஒரு கிளினிக்ல நல்லா இருந்த பல்லை சுத்தியும் ராவி, நரம்பெடுத்து கேப் போட்டு உட்டாங்க. இப்போ ஈறு மேல ஏறி கேப் ஓரத்துல கருப்பா ஒரு கோடு தெரியுது, அடியில வேருல சீழ் வெச்சு மறுபடியும் திறந்து பண்ண வேண்டியதாப் போச்சு. அந்தப் பல்லுல ஒரு குறையும் இல்லீங்க, சின்னதா இருந்துச்சு, அவ்வளவுதான். அதை நெனச்சா இன்னும் கோவமா வருது.

மதுரை_பல்மருத்துவர்
தாமிரபரணி அம்மா, தயவுசெஞ்சு இப்போதைக்கு ரெண்டு பேர் சொன்னதையும் செய்யாதீங்க. நான் குழந்தைகள் பல் மருத்துவர்தான், வாயைப் பார்க்காம இதுதான்னு முடிவா சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினதுல முக்கியமான விஷயம் ரெண்டு இருக்கு, அதை விளக்கமா சொல்றேன்.

முன்பல்லுக்கு அடுத்த வெட்டுப்பல்லு கூம்பா சின்னதா வர்றதை பெக் லேட்டரல்னு சொல்வோம். பல் அளவுல வர்ற வித்தியாசங்கள்ல இதுதான் ரொம்ப சாதாரணம், 100 பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு வகைப் பல்லுலயும் கடைசியா இருக்கிறதுதான் அளவு மாறும். வெட்டுப்பல்லுல பக்கத்துப் பல்லு, கடைவாய்ல அறிவுப்பல்லு. அதனால அறிவுப்பல்லும் நிறைய பேருக்கு சின்னதா இருக்கும், உள்ள இருக்கிறதால யாரும் கவனிக்க மாட்டாங்க.

கீரை, கேழ்வரகு எல்லாம் குழந்தை உடம்புக்கு நல்லதுதான் வைகைக்கரை அம்மா, தாராளமா குடுக்கலாம். ஆனா எலும்பு வளர்ற மாதிரி பல்லு வெளிய வந்த பிறகு வளராது. இந்தப் பல்லோட மேல்பாகம் 1 வயசுக்குக் கொஞ்சம் முன்னாடி உருவாக ஆரம்பிச்சு 4, 5 வயசுக்குள்ள எலும்புக்குள்ளயே முழுசா முடிஞ்சிரும். 8, 9 வயசுல அது வெளிய வர்றப்போ அளவு எப்பவோ தீர்மானமாகியிருக்கும். கர்ப்பத்துல அம்மா சரியா சாப்பிடலைன்னும் யாரும் பழி சொல்ல வேண்டாம், இது பெரும்பாலும் பரம்பரை. எம்எஸ்எக்ஸ்1, பாக்ஸ்9 மாதிரி சில ஜீன்கள் இதுல சம்பந்தப்பட்டிருக்கு. அப்பா வழி, அம்மா வழில யாருக்காவது பல்லு சின்னதா இருக்கா, இல்ல பல்லே முளைக்காம இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

இப்போ அந்த ரெண்டு விஷயம். ஒண்ணு, வலது பக்கம் பால் பல்லு 10 வயசுலயும் ஆடாம நிக்குதுன்னா, அதுக்கு மேல நிரந்தரப் பல்லே உருவாகாம இருக்க வாய்ப்பு இருக்கு. ஒரு பக்கம் கூம்புப் பல், மறு பக்கம் பல்லே இல்லைங்கிறது அடிக்கடி சேர்ந்து வர்ற ஜோடி. ரெண்டாவது, இதுதான் எனக்கு முக்கியமாப் படுது, கோரைப்பல். மேல் கோரைப்பல்லு ரொம்ப உயரத்துல இருந்து இறங்கி வரும், பக்கத்துல இருக்கிற வெட்டுப்பல்லோட வேரை ஒட்டித்தான் கீழ வழி பிடிக்குதுன்னு ஒரு கொள்கை இருக்கு. அந்த வேர் குட்டையா இருந்தாலோ பல்லே இல்லாம இருந்தாலோ கோரைப்பல்லு வழி தவறி அண்ணத்துப் பக்கம் போக வாய்ப்பு அதிகம். அங்கேயே மாட்டிக்கிட்டு பக்கத்து வேரைக் கரைச்சிருச்சுன்னா வேலை பெருசு. 10 வயசுல ஈறுக்கு மேல விரலை வச்சுத் தடவினா ரெண்டு பக்கமும் ஒரு மேடு தட்டுப்படணும். தட்டுப்படலைன்னா, இல்ல ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டா, ஒரு ஓபிஜி, அதாவது மேல் கீழ் தாடை முழுசும் ஒரே படத்துல தெரியுற எக்ஸ்ரே, எடுத்தே ஆகணும். உங்க மகளுக்கு எப்படியும் எடுங்க.

அதுவரைக்கும் அந்தப் பல்லுல யாரும் கை வைக்க வேண்டாம்.

தாமிரபரணி_அம்மா
டாக்டர் ரொம்ப ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமா யாருமே சொல்லல. எங்க மாமியாருக்கு அந்தப் பல்லே கிடையாது, கேட்டா சின்ன வயசுலேருந்தே இல்லன்னு இப்போதான் சொல்றாங்க!! எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து சொல்றேன்.

மழைச்சாரல்
எனக்கு ரெண்டு பக்கமும் கூம்புப் பல்லு, 27 வயசு. நான் எதுவுமே பண்ணிக்கல, பண்ணிக்கவும் போறதில்ல. சின்ன வயசுல அம்மாச்சி "என் பேத்திக்கு அரிசிப்பல்லு"ன்னு கொஞ்சுவாங்க, அதனாலயோ என்னமோ எனக்கு அது குறையாவே தோணல. பல்லு சின்னதா இருந்தா கட்டாயம் ஏதாவது செஞ்சே ஆகணும்னு இல்லல்ல டாக்டர்? பொண்ணு பார்க்க வந்தப்போ ஒரு வீட்ல இதைக் கேட்டாங்க, அப்பா பதில் சொல்லாம எழுந்துட்டார். அந்த மாதிரி கேள்விக்காக ஒரு புள்ளை பல்லை ராவணுமா?

வைகைக்கரை
நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஊர் வாயை மூட முடியாது, வாயை மூடிக்கிட்டு சிரிக்கிற புள்ளைக்கு ஏதாச்சும் வழி இருந்தா செஞ்சுரணும்னுதான் தாய்க்குத் தோணும். டாக்டர் சொன்னது புரிஞ்சுது, பல்லு வளரும்னு நினைச்சுத்தான் மாத்திரையும் சாப்பாடும் சொன்னேன்.

மதுரை_பல்மருத்துவர்
மழைச்சாரல், கட்டாயமே இல்ல. கடி சரியா இருந்து, சுத்தம் பண்ண முடிஞ்சு, உங்களுக்கும் அது பிடிச்சிருந்தா அப்படியே விடலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கோங்க, கூம்புப் பல்லோட உள்பக்கத்துல சில பேருக்கு ஆழமா ஒரு குழி இருக்கும், பல்லோட கெட்டியான வெளி ஓடான எனாமல் உள்ள மடிஞ்சு பல்லுக்குள்ள பல்லு மாதிரி இருக்கும். சிங்கப்பூர்ல ஓலர்ஸ்னு ஒரு பல் மருத்துவர் 1957-ல இதை மூணு வகையாப் பிரிச்சார், இன்னைக்கும் நாங்க அதைத்தான் வச்சுப் பேசுறோம். அந்தக் குழி வழியா கிருமி உள்ள போனா வெளிய சொத்தையே தெரியாம நரம்பு செத்துப்போகும். ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்து, குழி இருந்தா அடைச்சுட்டா போதும், கொஞ்ச நேர வேலைதான்.

மாத்திக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு இப்போ வழி சுலபம். கூம்புப் பல்லு ஏற்கனவே சின்னது, அதுல இருந்து எதுக்கு ராவணும்? ராவாம மேல வச்சுக் கட்டினா போதும். அமிலம் தடவி எனாமல்ல பசை பிடிக்க வைக்கிற முறையை 1955-லயே அமெரிக்காவுல புவோனோகோர்னு ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார். அதே முறைலதான் பல்லு நிறத்துல இருக்கிற காம்போசிட்ங்கிற பிசினை அடுக்கடுக்கா வச்சு லைட் அடிச்சு இறுக்கி பல்லோட வடிவத்தைக் கொண்டு வர்றோம். பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. பல்லு முழுசா அப்படியே உள்ள இருக்கும், பின்னாடி எப்போ வேணும்னாலும் மாத்திக்கலாம். காம்போசிட் காலப்போக்குல மங்கும், ஓரம் உடையும், டீ காபி மஞ்சள் கறை ஏறும், சில வருஷத்துக்கு ஒருமுறை பாலிஷோ ரிப்பேரோ தேவைப்படும். அதைச் சொல்லித்தான் செய்யணும்.

செராமிக் வெனீர், அதாவது பல்லு முன்னாடி ஒட்டுற மெல்லிசான பீங்கான் ஓடு, அழகா இருக்கும், கறை பிடிக்காது, ஆனா 18, 20 வயசுக்கு முன்னாடி நான் போட மாட்டேன். அந்த வயசு வரை பல்லு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டும் ஈறு மேல ஏறிட்டும் இருக்கும், முன்னாடியே போட்டா ஓரம் வெளிய தெரிஞ்சிரும். கொங்குக்காரன் தம்பி தங்கச்சிக்கு தெரியுற கோட்டுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம். சின்ன வயசுல நரம்பு அறையும் பெருசு, ராவினா நரம்பைத் தொட்டுரும், அப்புறம் வேர் சிகிச்சை. ஆரோக்கியமான பல்லுக்கு அளவுக்காக மட்டும் வேர் சிகிச்சைன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துருங்க.

ஆர்த்தோ_பிஜி_சென்னை
டாக்டர் மேடம் சொன்னதுக்கு மேல ஆர்த்தோ, அதாவது பல்வரிசையைச் சீராக்குற பிரிவு பக்கத்துல இருந்து ஒண்ணு சேர்த்துக்கிறேன். கிளிப் போட்டா இடைவெளி மூடிரும்னு நிறைய பேர் வர்றாங்க, மூடவும் செய்யும், ஆனா கடி பொருந்தாது, ஏன்னா மேல ஆறு முன்பல்லோட அகலத்துக்கும் கீழ ஆறு பல்லோட அகலத்துக்கும் ஒரு விகிதம் இருக்கு. போல்டன்னு ஒருத்தர் 1958-ல அளந்து சொன்னார், கீழ்ப்பல்லு ஆறோட மொத்த அகலம் மேல ஆறுல 77.2 சதவீதம் இருந்தா நல்லா பொருந்தும். முன்பல்லு சுமார் 8.5 மில்லிமீட்டர், அடுத்தது 6.5 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க, அந்த 6.5 இருக்க வேண்டிய இடத்துல 4.5 இருந்தா ஒரு பக்கத்துக்கே 2 மில்லிமீட்டர் குறையுது. அதை மறந்துட்டு கிளிப்பை முடிச்சா ஒண்ணு மறுபடி இடைவெளி திறக்கும், இல்ல மேல்வரிசை உள்ள போய் கீழ்ப்பல்லை இடிக்கும். அதனால நாங்க கூம்புப் பல்லுக்கு ரெண்டு பக்கமும் வேணும்னே இடம் விட்டு நிறுத்துவோம், அப்புறம் கன்சர்வேட்டிவ்ங்கிற பல் அடைக்கிற டிபார்ட்மெண்ட்ல காம்போசிட் வச்சு பெருசாக்கிக் குடுப்பாங்க, உடனே பல்லு நகராம பிடிச்சு வைக்கிற ரீடெய்னர். கிளிப் போடுற டாக்டரும் பல்லைக் கட்டுற டாக்டரும் முதல் நாளே பேசிக்கணும்.

காசு கஷ்டம்னா சென்னைல கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, சிதம்பரத்துலயும் புதுக்கோட்டைலயும் அரசு கல்லூரி இருக்கு. கூட்டம் இருக்கும், நேரம் ஆகும், ஆனா எல்லா டிபார்ட்மெண்டும் ஒரே இடத்துல.

கொங்குக்காரன்
பிரைவேட்ல காம்போசிட்டுக்கு என்னங்க ஆகும்?

ஆர்த்தோ_பிஜி_சென்னை
ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும் அண்ணா. ஒரு பல்லுக்கு சில ஆயிரம், செராமிக்னா அதைவிட பல மடங்கு. முன்னாடியே எழுத்துல கேட்டுக்கோங்க, ரிப்பேர் வந்தா யார் செலவுன்னும் சேர்த்து.

யாழ்_இளவெயில்
வணக்கம். என்ர மகனுக்குப் பிரச்சினை மற்றப் பக்கம். 8 வயசு, முன்பல்லு ரெண்டும் சரியான பெரிசு, பள்ளிக்கூடத்தில முயல் எண்டு கூப்பிடுகினமாம், அழுதுகொண்டு வாறான். இதையும் சின்னனாக்க ஏலுமோ?

மதுரை_பல்மருத்துவர்
8 வயசுல எல்லாப் புள்ளைக்குமே முன்பல்லு பெருசாத்தான் தெரியும். பெரியவங்க அளவுல முளைச்ச பல்லு, முகம் மட்டும் இன்னும் குழந்தை முகம். முகமும் தாடையும் வளர வளர அது பொருந்திரும், நடுவுல இருக்கிற இடைவெளியும் கோரைப்பல்லு இறங்கும்போது பெரும்பாலும் தானா மூடும். அதனால அளந்து பாருங்க. 8, 9 மில்லிமீட்டர்னா எதுவுமே செய்ய வேண்டாம், பையனுக்கு அதைப் புரியுற மாதிரி சொல்லுங்க, டீச்சர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுங்க. அந்த முயல் பேச்சு ஒரு புள்ளையை எவ்வளவு வாட்டும்னு எனக்குத் தெரியும், நாற்காலில உக்காந்து வாயைத் திறக்கவே மாட்டாங்க.

10 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா அப்போ நிஜமாவே பெரிய பல்லு. ராவி சின்னதாக்கலாம்னு நினைக்காதீங்க, பெரிய பல்லுக்குள்ள நரம்பும் பெருசு, ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல எடுக்கிறது ஆபத்து. அப்புறம், பையன் வயசுக்கு ரொம்பக் குள்ளமா, பேச்சோ படிப்போ தாமதமா இருந்து, ரெண்டு முன்பல்லும் ரொம்ப அகலமா இருந்தா குழந்தை மருத்துவர்ட்ட சொல்லுங்க. கேபிஜி சிண்ட்ரோம்னு ஒரு மரபணுக் குறைபாடு இருக்கு, 1975-ல மூணு குடும்பங்கள்ல பார்த்து அந்தக் குடும்பப் பேரோட முதல் எழுத்துகளை வச்சாங்க, அதைக் கண்டுபிடிக்க இந்தப் பல்லுதான் பல நேரம் துப்பு. பல்லு மட்டும் பெருசுன்னா அந்தப் பயம் வேண்டாம்.

யாழ்_இளவெயில்
பெரிய நன்றி டொக்டர். அளந்து பாத்தனான், 9க்குக் கொஞ்சம் குறையத்தான் வருது. மற்றபடி ஆள் நல்ல சுறுசுறுப்பு. இப்பதான் மனசு ஆறுதலாக் கிடக்கு.

சேலம்_அப்பா
டாக்டர், எங்க பையனுக்கு 3 வயசுல ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ குடுத்தாங்க, கடவுள் புண்ணியத்துல இப்போ 12 வயசு, நல்லா இருக்கான், ஸ்கூல்ல கபடி ஆடுறான். ஆனா கடைவாய்ல முளைச்ச பல்லு சிலது மிளகு அளவுக்குத்தான் இருக்கு, ரெண்டு பல்லு வரவே இல்ல. அதுனாலயா?

மதுரை_பல்மருத்துவர்
பையன் கபடி ஆடுறான்னு படிச்சதே சந்தோஷமா இருக்கு சார். ஆமா, அதனாலதான் இருக்கும். 5 வயசுக்குள்ள கீமோவோ தலைக்குக் கதிர்வீச்சோ குடுத்தா அந்த நேரத்துல எந்தப் பல்லு உருவாகிட்டு இருந்துச்சோ அது சின்னதாயிரும், வேர் குட்டையாயிரும், சில சமயம் பல்லே உருவாகாது. உயிரைக் காப்பாத்தின மருந்து, அதுல யாரும் வருத்தப்பட ஒண்ணும் இல்ல. வேர் குட்டையா இருக்கிறதால கிளிப் போடணும்னா ரொம்ப மெதுவான விசைலதான் போடணும், போடப்போற டாக்டர்கிட்ட கீமோ கதையை முதல்லயே சொல்லிருங்க, பழைய ஃபைலைக் கையில எடுத்துட்டுப் போங்க. எனாமலும் பலவீனமா இருக்கும், சொத்தை வராம பல்லு மேல பூசுற ஃப்ளோரைடு வார்னிஷ் 6 மாசத்துக்கு ஒரு தடவை அடிச்சுக்கிறது நல்லது.

இதோட சேர்த்து எல்லா அம்மா அப்பாவுக்கும் ஒண்ணு சொல்லிரணும்னு தோணுது. ஒரு பல்லு சின்னதா இருக்கிறது வேற, நிறைய பல்லு முளைக்காம, முளைச்ச நாலஞ்சும் கூம்பா இருக்கிறது வேற. ரெண்டாவது மாதிரி இருந்து, முடி ரொம்ப மெல்லிசா, குழந்தைக்கு வியர்வையே வராம, வெயில்ல உடம்பு கொதிச்சா எக்டோடெர்மல் டிஸ்ப்ளேசியாவா இருக்கலாம், அதாவது பல்லு, முடி, வியர்வைச் சுரப்பி பிறவிலயே சரியா உருவாகாத பரம்பரைக் குறைபாடு. ஆண் குழந்தைகளுக்குத்தான் கடுமையா வரும், அம்மா வழியா. டார்வினே சிந்து மாகாணத்துல ஒரு குடும்பத்தைப் பத்தி 1875-ல எழுதியிருக்கார், நாலு தலைமுறைல பத்து ஆம்பளைங்களுக்கு மேலயும் கீழயும் சேர்த்து நாலே நாலு சின்ன வெட்டுப்பல்லு, எட்டு கடைவாய்ப்பல்லு, அவ்வளவுதான், பெண்களுக்கு அது வரவே இல்ல, ஆனா பெண்கள் வழியாத்தான் அடுத்த தலைமுறைக்குப் போச்சுன்னு. நம்ம ஊர் சித்திரை வெயில்ல வியர்க்காத குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து, மூக்கு, காது, தோல்னு பார்க்கிறதுக்கு முன்னாடி பல்லைப் பார்த்தே நாங்க கண்டுபிடிச்ச குழந்தைகள் உண்டு. அவங்களுக்கு 3, 4 வயசுலயே சின்ன பல்செட் செஞ்சு குடுப்போம், பேச்சும் சாப்பாடும் மாறும்.

தாமிரபரணி_அம்மா
டாக்டர், ஓபிஜி எடுத்தாச்சு. நீங்க சொன்னது அப்படியே இருக்கு. வலது பக்கம் பால் பல்லுக்கு மேல நிரந்தரப் பல்லே இல்ல. இடது பக்கம் கோரைப்பல்லு சரிஞ்சு கூம்புப் பல்லோட வேர் மேல லேசா ஏறி நிக்குது, அண்ணத்துப் பக்கம்தான் இருக்கும்ங்காங்க. இங்க பார்த்த ஆர்த்தோ டாக்டர், இடது பக்கத்து பால் கோரைப்பல்லை மட்டும் எடுத்துட்டா அது தானா நேரா இறங்க வாய்ப்பு அதிகம், கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடி எக்ஸ்ரேல பார்க்கலாம்னாரு. செய்யலாமா? திரும்பவும் பிடுங்குறதான்னு பயமா இருக்கு.

மதுரை_பல்மருத்துவர்
செய்யுங்க, தைரியமா செய்யுங்க. இது பால் பல்லு, அதோட வேலையே வழி விடுறதுதான். ஸ்வீடன்ல எரிக்சன், குரோல்னு ரெண்டு பேர் 1988-ல வெளியிட்ட ஆய்வுல, இந்த மாதிரி அண்ணத்துப் பக்கம் திரும்பின 46 கோரைப்பல்லுல 36 பால் கோரைப்பல்லை எடுத்ததாலயே சரியான வழிக்கு வந்துச்சு. வேர் மேல எவ்வளவு கம்மியா ஏறியிருக்கோ அவ்வளவு நல்லா வரும், உங்க மகளுக்கு லேசாத்தான் ஏறியிருக்கு. ஒரு வருஷத்துல நகரலைன்னா சின்ன அறுவை பண்ணி கொக்கி போட்டு இழுத்துக்கலாம்.

வலது பக்கத்துக்கு அவசரமே இல்ல. பால் பல்லு உறுதியா இருந்தா இருக்கட்டும், இல்ல ஆர்த்தோ டாக்டர் கோரைப்பல்லை அந்த இடத்துக்குக் கொண்டு வந்து காம்போசிட்ல வடிவம் மாத்தலாம்னு யோசிக்கலாம், இல்ல இடத்தைக் காப்பாத்தி வச்சுட்டு பின்னாடி பல்லு வைக்கலாம். எலும்புல திருகி வைக்கிற செயற்கைப் பல்லான இம்ப்ளாண்ட் மட்டும் வளர்ச்சி முழுசா நிக்கிற வரை வேண்டாம். தாடை வளரும், இம்ப்ளாண்ட் அதோட சேர்ந்து நகராது, பல்லு மேலயே தங்கி குட்டையாத் தெரியும்.

கூம்புப் பல்லுக்கு இப்போவே மெல்லிசா காம்போசிட் வைக்கலாமான்னா, கோரைப்பல்லு எங்க போகுதுன்னு தெரிஞ்ச பிறகு வைங்க. ரொம்ப மனசு சோர்ந்துட்டான்னா தற்காலிகமா கொஞ்சம் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க, தப்பில்ல.

மழைச்சாரல்
பாப்பாகிட்ட எனக்கும் அதே பல்லுதான்னு சொல்லுங்க அக்கா. நான் பல்லு தெரிய சிரிச்ச போட்டோ தனியா அனுப்பறேன், காட்டுங்க.

தாமிரபரணி_அம்மா
கட்டாயம் அனுப்புங்கம்மா, அவ ரொம்ப சந்தோஷப்படுவா. திங்கக்கிழமை பால் பல்லு எடுக்கப் போறோம்.

குட்டிப்பையன்_அம்மா
இந்த இழைலயே கேட்டுக்கிறேன் டாக்டர். பையனுக்கு 4 வயசு, கீழ்வரிசைல ரெண்டு பால் பல்லு ஒட்டி ஒரே பல்லா அகலமா இருக்கு, நடுவுல ஒரு கோடு. விழுந்து முளைக்கிற பல்லுதானே, விட்டுரலாமா?

மதுரை_பல்மருத்துவர்
பல்லை எண்ணிப் பாருங்க, ஒட்டின பல்லை ஒண்ணா வச்சு எண்ணணும். கீழ மொத்தம் 10 வந்தா ஒரே பல்லு ரெண்டாப் பிரியப் பார்த்திருக்கு, 9 வந்தா பெரும்பாலும் ரெண்டு பல்லு சேர்ந்திருக்கு. சேர்ந்ததுன்னா அதுக்கு அடில நிரந்தரப் பல்லு ஒண்ணு இல்லாமப் போக வாய்ப்பு உண்டு, 6 வயசு வாக்குல ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கலாம். இப்போ செய்ய வேண்டியது அந்தக் கோட்டை சீலண்ட்ங்கிற மெல்லிய பூச்சு வச்சு அடைக்கிறது. சோறு, பிஸ்கட் எல்லாம் அங்கதான் தங்கும், அதுலதான் சொத்தை ஆரம்பிக்கும். விழுற நேரத்துல வேர் ரெண்டும் ஒண்ணா கரையாம தங்கிட்டா நாங்க எடுத்து விட வேண்டியிருக்கும், அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருக்கு. ராத்திரி பால் பாட்டில் இருந்தா மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க.

குட்டிப்பையன்_அம்மா
9 தான் வருது டாக்டர். இந்த வாரமே சீலண்டுக்கு கூட்டிட்டுப் போறேன்.